பெல்ட்டும் விமானமும்: ‘டேக் ஆஃப்’ சொல்லும் கதை

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசை. “டேக் ஆஃப் யுவர் பெல்ட்” என்கிறார் காவலர். இடுப்பு பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைக்கிறோம். உள்ளே போய் உட்கார்ந்ததும் போனில் மேலாளரின் செய்தி: “டேக் மண்டே ஆஃப்.” திங்கட்கிழமை விடுப்பாம். சந்தோஷமாகப் போனை அணைக்கும்போது அறிவிப்பு வருகிறது: விமானம் டேக் ஆஃபுக்குத் தயார்.

கழற்று, விடுப்பு எடு, மேலெழும்பு. மூன்றுக்கும் ஒரே சொல்லிணை. ‘டேக்’ என்றால் எடு, ‘ஆஃப்’ என்றால் விலகி என்று மனப்பாடம் செய்தவர், விமானம் எதை எடுக்கிறது என்று குழம்பத்தான் செய்வார்.

குழப்பம் புதிதல்ல. 1755இல் வெளியான தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு சிறு சொல் ஒட்டிப் பொருள் மாறும் இந்த வகைதான் அயல்நாட்டாரை மிகவும் திணறடிக்கிறது என்று சாமுவேல் ஜான்சன் எழுதினார். அவர் தந்த பட்டியலில் ‘டேக் ஆஃப்’ உண்டு. பொருள் மட்டும் வேறு: நகலெடுத்தல். ஒருவரைப் போலவே பேசி நடித்துக் கேலி செய்வதைப் பிரிட்டனில் இன்றும் இப்படிச் சொல்கிறார்கள்.

பொருள்கள் இப்படிச் சிதறிக் கிடந்தாலும் அடியில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ‘அப்’, ‘அவுட்’ ஆகிய ஒட்டுச்சொற்களை அலசி 1981இல் சூசன் லிண்ட்னர் கலிஃபோர்னியாவில் செய்த முனைவர் பட்ட ஆய்வு, அவை பொருளற்ற வால்கள் அல்ல, ஒவ்வொன்றும் இடம் சார்ந்த ஒரு சித்திரத்தைச் சுமக்கிறது என்று காட்டியது. அதே கண்ணால் ‘ஆஃப்’ஐப் பாருங்கள். ஒட்டியிருந்தது விலகுகிறது. இடுப்பிலிருந்து பெல்ட், ஓடுபாதையிலிருந்து விமானம், வேலை நாட்களிலிருந்து திங்கட்கிழமை. கடைக்காரர் பில்லில் பத்து ரூபாய் குறைத்தால் அதுவும் ‘டேக் ஆஃப்’தான்.

மூளை இந்த இணையை எப்படிக் கையாள்கிறது? மூளையின் காந்தப்புலத்தை அளந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. ‘ஹீட் அப்’ போன்ற வழக்கிலுள்ள இணைக்கு மூளை வலுவாகத் துலங்கியது. ‘கூல் அப்’ போன்ற இல்லாத இணைக்கு அப்படியில்லை. பழகிய இணை ஒரே சொல்லாகவே நினைவில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் முடிவு.

ஆனால் இந்த ஒற்றைச் சொல் நடுவில் பிளக்கும். பெல்ட்டை ‘டேக் ஆஃப்’புக்குப் பின்னாலும் வைக்கலாம், இரண்டுக்கும் நடுவிலும் வைக்கலாம். பெல்ட்டுக்குப் பதில் ‘இட்’ வந்தால் மட்டும் நடுவில்தான் இடம்: ‘டேக் இட் ஆஃப்’.

ஒரு வினை இப்படி வேறு பொருளுக்கு நீள்வது தமிழ் பேசும் நமக்கும் அந்நியமில்லை. “என்னைக் கழற்றிவிட்டுப் படத்துக்குப் போயிட்டாங்க” என்று பையன் புலம்பினால், அவனை யார் மாட்டியிருந்தார்கள் என்று எந்த அம்மாவும் கேட்பதில்லை. கூட்டத்தோடு ஒட்டியிருந்தவன் தனியே நிற்கிறான் என்பது அவளுக்குப் புரிந்துவிடுகிறது.