குப்பைத் தொட்டி திறக்கும் கொண்டைக்காரர்கள்

வெள்ளை வெளேரென்ற உடம்பு. தலையில் மஞ்சள் கொண்டை. கத்த ஆரம்பித்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ள வேண்டும், அப்படி ஒரு குரல். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில், நம் ஊர்க் காகம் மாதிரி மொட்டைமாடி, மரம், மின்கம்பி என்று எங்கே பார்த்தாலும் இந்தப் பறவைதான். பெயர் காக்கட்டூ. கிளிக் கூட்டத்தைச் சேர்ந்தது. அரை மீட்டர் நீளம் இருக்கும். எடை முக்கால் கிலோவைத் தாண்டும்.

இணையத்தில் விலங்கு வீடியோ பார்க்கிற பழக்கம் உங்களுக்கு உண்டென்றால் ஸ்னோபாலைத் தெரிந்திருக்கலாம். பாட்டுப் போட்டால் காலைத் தூக்கித் தூக்கி ஆடும் அமெரிக்கக் காக்கட்டூ. பாட்டின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். அதுவும் தாளத்துக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றிக்கொண்டது. 2019-இல் வெளியான ஆய்வுப்படி அதன் கையிருப்பில் 14 வகை ஆட்டம் இருந்தது! ஆனால் இன்றைக்கு நான் சொல்லப்போவது ஆட்டக்காரரைப் பற்றி இல்லை. சிட்னியின் குப்பைத் தொட்டிக்காரர்களைப் பற்றி.

ரிச்சர்டு மேஜர் என்று ஒரு பறவை ஆராய்ச்சியாளர். சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். மூடியிருந்த குப்பைத் தொட்டியை ஒரு காக்கட்டூ திறப்பதை அவர் வீடியோ எடுத்தார். அதை லூசி அப்ளின் என்ற ஆராய்ச்சியாளருக்குக் காட்டினார். நாமாக இருந்தால் சிரித்துவிட்டு, நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வீடியோவுக்குப் போயிருப்போம். இவர்களோ ஒரு கேள்வி கேட்டார்கள்: இதை இந்தப் பறவைக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

முதலில் அது எப்படித் திறக்கிறது என்று பார்ப்போம். சிட்னியில் வீட்டுக்கு வீடு பெரிய பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். அடியில் சக்கரம், மேலே கனமான மூடி. மூடியின் பின்பக்கம் கீல். குப்பை வண்டி வரும் நாளில் அதைத் தெருவோரம் உருட்டிக்கொண்டு வந்து வைப்பார்கள். காக்கட்டூ வந்து விளிம்பில் உட்காரும். மூடியின் முன்பக்க ஓரத்தில் அலகைக் கொடுத்து நெம்பும். கொஞ்சம் தூக்கியதும் அலகாலோ காலாலோ பிடித்துக்கொள்ளும். அப்புறம்தான் வேடிக்கை. மூடியை விடாமல், தலையை உயர்த்தி, விளிம்பின் மேலேயே ஒவ்வொரு அடியாக வைத்துப் பின்பக்கம் நடக்கும். கீலை நெருங்க நெருங்க மூடி செங்குத்தாக எழும். ஒரு கட்டத்தில் தானே பின்னால் சாய்ந்து 'தடால்' என்று விழும். தொட்டி திறந்தாச்சு!

ஏன் நடக்க வேண்டும்? உங்கள் நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். அட்டையின் வெளி ஓரத்துக்கு அடியில் ஒரு அழிரப்பரை நிறுத்தி வையுங்கள். அட்டை லேசாகத்தான் எழும். இப்போது ரப்பரைத் தையல் இருக்கும் பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். ரப்பர் வளரவில்லை, அதே உயரம்தான். ஆனால் அட்டை எழுந்துகொண்டே போகிறது, இல்லையா? காக்கட்டூவின் உயரமும் வளரப்போவதில்லை. அதனால் அது கீலை நோக்கி நடக்கிறது. கோணம் என்ற பாடத்தை அது படித்ததில்லை. செய்து செய்து கண்டுபிடித்திருக்கிறது.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். சிலந்திக்கு வலை பின்ன யாரும் சொல்லித் தருவதில்லை, பிறவியிலேயே வருகிறது. தொட்டி திறப்பதும் அப்படிப் பிறவிக் குணம் என்றால், சிட்னி முழுக்க எல்லாக் காக்கட்டூகளும் அதைச் செய்ய வேண்டும். ஒன்றைப் பார்த்து இன்னொன்று கற்றுக்கொண்டது என்றால், ஒரு பேட்டையில் தொடங்கிப் பக்கத்துப் பேட்டை, அதற்கடுத்த பேட்டை என்று பரவ வேண்டும். எது உண்மை என்று தெரிய நல்ல வழி, ஊர் மக்களைக் கேட்பதுதான். 'உங்கள் தெருவில் காக்கட்டூ தொட்டி திறந்ததைப் பார்த்தீர்களா? எப்போது பார்த்தீர்கள்?' என்று கேட்டார்கள். பார்க்காதவர்களும் 'பார்க்கவில்லை' என்று பதில் சொன்னது ரொம்ப உதவியாக இருந்தது. இல்லை என்ற பதிலும் அறிவியலுக்கு வேண்டும்.

விடை கிடைத்தது. 2018-க்கு முன்னால் மூன்று பேட்டைகளில் மட்டுமே இந்தத் திருட்டு நடந்திருந்தது. 2019 கடைசிக்குள் 44 பேட்டைகள்! அதுவும் முதலில் பக்கத்துப் பேட்டைகளுக்கு, அப்புறம்தான் தூரத்துக்கு. நடுவில், நகரத்தின் வடக்கே ஒரு காக்கட்டூ யாரையும் பார்க்காமல் தானாகவே இந்த வித்தையைக் கண்டுபிடித்து, அங்கிருந்தும் அக்கம்பக்கத்தில் பரவியது. திறக்கும் முறைகூடப் பேட்டைக்குப் பேட்டை கொஞ்சம் மாறுகிறதாம். மதுரைக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் பேசுவது ஒரே தமிழ், இழுப்பு வேறு என்று நாம் சொல்வோமே, அந்த மாதிரி.

இன்னொன்றும் செய்தார்கள். சுமார் 500 காக்கட்டூகளின் உடம்பில் சின்னச் சின்ன வண்ணப் பொட்டு வைத்தார்கள், எது யார் என்று அடையாளம் தெரிய. பத்தில் ஒன்றுக்குத்தான் தொட்டி திறக்கத் தெரிந்திருந்தது. அதிலும் பெரும்பாலும் ஆண் பறவைகள். மற்றவை? கெட்டிக்காரர் திறக்கும் வரை பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும். திறந்ததும் 'நானும் வரேன்' என்று இறங்கிவிடும். எந்த வகுப்பிலும் இப்படிச் சிலர் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.

ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த பார்பரா கிளம்பும் அவரோடு உழைத்தவர்களும் இதை 2021-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். கதை அதோடு முடியவில்லை. குப்பையைத் தெருவெல்லாம் இறைத்தால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? மூடி மேல் செங்கல் வைத்தார்கள். காக்கட்டூ செங்கல்லைத் தள்ளிவிடக் கற்றுக்கொண்டது. தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கட்டினார்கள். ரப்பர் பாம்பு வைத்தார்கள். கீலுக்குள் பழைய செருப்பைச் செருகி, மூடி முழுக்கச் சாயாதபடி செய்தார்கள்.

பூட்டுப் போட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? அதில் ஒரு சிக்கல். குப்பை வண்டியின் இயந்திரக் கை தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும்போது மூடி தானாகத் திறக்க வேண்டும். வண்டிக்குத் திறக்க வேண்டும், பறவைக்குத் திறக்கக் கூடாது. பெரியவர்கள் மண்டையைக் குடைந்துகொண்டது இதற்காகத்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து வருவது. இந்தச் செங்கல், செருப்பு யோசனையெல்லாம் உங்களுக்கு எப்படி வந்தது என்று மக்களைக் கேட்டார்கள். பலர் சொன்ன பதில்: பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான்! ஒரே தெருக்காரர்கள் ஒரே மாதிரித் தந்திரத்தை வைத்திருந்தார்கள். மூடிக்கு மேலே நின்றவரும் கீழே நின்றவரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்கிறார்கள்.

பறவைகள் இப்படிப் பார்த்துக் கற்பது புதிதும் இல்லை. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் காலையில் வாசலில் பால் பாட்டிலை வைத்துவிட்டுப் போவார்கள். 'டிட்' என்ற சிட்டளவுப் பறவைகள் மூடியைக் கொத்திக் கிழித்து, மேலே மிதக்கும் பாலேட்டைக் குடிக்கத் தொடங்கின. முதலில் பதிவானது 1921-இல். அடுத்த முப்பது ஆண்டுக்குள் அது நாடு முழுக்கப் பல ஊர்களில் காணப்பட்டது. சிட்னிக் காக்கட்டூகளும் தொட்டியோடு நிற்கவில்லை. நகரத்தின் மேற்குப் பகுதியில் சில கூட்டங்கள், பூங்காவில் இருக்கும் குடிநீர்க் குழாயின் கைப்பிடியைக் காலால் பிடித்து, உடம்பின் எடையைச் சாய்த்துத் திருகி, திருகியபடியே குனிந்து தண்ணீர் குடிப்பதைப் பற்றிய ஆய்வு 2025-இல் வெளியானது. முயற்சிகளில் பாதிக்கு மேல் தோல்விதான். அதனால் என்ன, வரிசையில் அடுத்த பறவை காத்திருக்கும்.

உங்கள் தெருவில் காக்கட்டூ கிடையாது. ஆனால் காகம், மைனா, அணில், குரங்கு இருக்கின்றன. அவற்றில் ஒன்று புதிதாக ஏதாவது செய்வதைப் பார்த்தால் வீடியோ எடுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். கூடவே ஒரு நோட்டில் தேதி, நேரம், தெருப் பெயர், என்ன செய்தது, பக்கத்தில் இருந்து வேறு எது பார்த்துக்கொண்டிருந்தது என்று எழுதி வையுங்கள். அதை அப்படிச் செய்யவைக்கத் தீனி போட வேண்டாம். ஒரு மாதம் கழித்து அடுத்த தெரு நண்பனிடம், 'உங்கள் பக்கமும் நடக்கிறதா?' என்று கேளுங்கள். 'இல்லை' என்றாலும் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.