பழவேற்காடு ஏரியும் மீனவர் பாதங்களும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலுமாகப் பரந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் ஊரில் உள்ளன. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்திறங்குகின்றன.

இவற்றைக் காணச் செல்வோர் பலர். மருத்துவர்களாகிய எங்கள் கவலையோ, அந்நீரில் நெடுநேரம் நிற்கும் கால்களைப் பற்றியது.

ஏரி ஆழம் குறைந்தது. பல இடங்களில் நீரில் நின்றே வலையை இழுக்கின்றனர். இறாலைக் கையால் தடவிப் பிடிப்போரும் உண்டு. சிப்பியின் விளிம்பு காலைக் கிழிப்பதும், கெளுத்தி மீனின் முள் தைப்பதும் இத்தொழிலில் இயல்பு. நலமாக உள்ளவருக்கு இக்காயங்கள் பெரும்பாலும் ஆறிவிடும். நீரிழிவு உள்ளவருக்கு அப்படியன்று. நீண்டநாள் சர்க்கரை பாதத்தின் உணர்ச்சியைக் குறைப்பதால் முள் தைத்ததே தெரிவதில்லை. இரத்த ஓட்டமும் குறைந்திருப்பின் புண் எளிதில் ஆறுவதில்லை. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ என்னும் நுண்கிருமிகளுள் சில, அரிதாகவேனும், காயத்தின் வழியே நுழைந்து ஓரிரு நாளில் தசையை அழிக்கவல்லவை. கல்லீரல் நோயுடையோருக்கு இந்த ஆபத்து இன்னும் மிகுதி.

பின் ஏன் சிகிச்சைக்குத் தாமதம்? அலட்சியம் என்று கூறுவது எளிது. "பாடு" என்னும் பழைய வழக்கத்தை அறிந்தால் அவ்வாறு கூற மனம் வராது. ஏரியின் நல்ல மீன்பிடி இடங்களை மீனவர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். தம் முறை நாளைத் தவறவிட்டவர் அது மீண்டும் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆதலால் காலில் புண் இருப்பினும் அன்று நீரில் இறங்கத் துணிவது புரிந்துகொள்ளத்தக்கதே.

ஆகவே, சிகிச்சைக்கு வருவோர் தம் பாட்டு நாளையும் தயங்காமல் எங்களிடம் கூற வேண்டுகிறோம். அதற்கேற்பச் சிகிச்சையை அமைக்க இயலுமா என்று பார்ப்போம். இயலாதெனில் காரணத்தை விளக்குவோம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அவர் ஏரியிலிருந்து திரும்பியதும் பாதங்களை நன்னீராலும் சோப்பாலும் கழுவச் செய்து, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, அடிப்பாதத்தை விளக்கொளியில் பாருங்கள். அவருக்கு வலிக்காத புண் உங்கள் கண்ணுக்குத் தெரியும். புண் ஆறும்வரை அவர் நீரில் இறங்கலாகாது. சிவப்பு பரவுதல், கொப்புளம், காய்ச்சல், காயத்தின் அளவை மீறிய வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். உவர்நீரில் பட்ட காயம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். உரிய மருந்தைத் தாமதமின்றித் தேர்ந்தெடுக்க அச்செய்தி எங்களுக்குத் துணைபுரியும்.