துதிக்கை வைத்த லை

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சின்ன விளம்பரக் கடை ஒன்றில் வேலை. மரச்செக்கு எண்ணெய் ஆலைக்குச் சுவர் விளம்பர வாசகம் கேட்டிருக்கிறார்களாம். மூன்று நாளாக ஒன்றும் பிடிபடவில்லையாம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கற்பனை வரும், பஸ் ஸ்டாண்டையும் பொரிகடலைக் கடையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன வரும் என்று கேட்கிறார்.

அம்மா, சுவர் எத்தனை அடி என்று நீங்கள் எழுதவே இல்லையே.

1983இலிருந்து கோவில்பட்டியில் ஓர் ஆர்டிஸ்ட் அண்ணாச்சியிடம் இரண்டு வருஷம் பெயிண்ட் வாளி தூக்கினேன். சுண்ணாம்பு அடிப்பது, நூலை நீலத்தில் முக்கி ஆளுக்கொரு முனை பிடித்துச் சுண்டுவது, எழுத்துக்கு ஷேடு கொடுப்பது எல்லாம் தேர்தல் சமயத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். பார்க்காதது, அதற்கு முன் நடக்கும் கணக்கு. அண்ணாச்சி சுவரைத் தொடவே மாட்டார். ரோட்டில் தள்ளிப் போய் நின்று, வருகிற பஸ்ஸைப் பார்த்து, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்று எண்ணுவார். அந்த நாலுக்குள் ஜன்னலோரத்தில் இருப்பவன் படித்து முடித்தாக வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் பஸ் நாலு விநாடியில் ஏறக்குறைய 55 மீட்டர் கடந்துவிடும். அதாவது 180 அடிக்கு அப்பாலேயே எழுத்து கண்ணில் பட வேண்டும். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது போர்டு எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அண்ணாச்சி கொஞ்சம் தாராளமாக 20 அங்குலம் வைத்துக்கொள்வார். அகலமும் கிட்டத்தட்ட அதே. 30 அடிச் சுவரில் எத்தனை எழுத்து? பதினெட்டு. வார்த்தைக்கு வார்த்தை விடும் இடைவெளியும் அதற்குள் அடக்கம்.

ஒருநாள் எட்டயபுரம் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு அப்படி ஒரு சுவர். அண்ணாச்சி டீ குடிக்கப் போன நேரம், வாசகத்தை நானே சாக்பீஸால் எழுதிப் பார்த்துவிடலாம் என்று துணிந்தேன். ‘தீபாவளிச் சேலைகள் விலை மலிவு’. ‘மலிவு’க்கு வரும்போது சுவர் தீர்ந்துபோனது. கடைசி ‘வு’ தண்ணீர்க் குழாய் மேல் ஏறி நின்றது.

எண்ணிப் பாருங்கள். ‘தீபாவளிச்’ ஆறு இடம். துணைக்காலுக்கும் தனியிடம் உண்டல்லவா. ‘சேலைகள்’ ஆறு, ‘விலை’ மூன்று, ‘மலிவு’ மூன்று, இடைவெளி மூன்று. ஆக இருபத்தொன்று. மூன்று எழுத்து சுவருக்கு வெளியே!

நான் இந்தக் கட்டுரையே எழுதக் காரணமான எழுத்து இங்கேதான் வருகிறது. 1978க்கு முன் படித்தவர்களுக்கு ‘லை’ என்றால் துதிக்கை வைத்த லை. இப்போது மாதிரி முன்னால் தனியாக ஓர் இணைக்கொம்பு நிற்காது. ல தன் தலைப்பக்கத்திலேயே யானைத் துதிக்கை போல ஒரு வளைவைத் தூக்கிக்கொண்டிருக்கும். ணை, னை, ளை மூன்றும் அப்படியே. பெரியார் 1935இலேயே குடி அரசில் இவற்றை மாற்றி அச்சடித்தார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட, ணா, றா, னா வரிசையையும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துகள் புது உருவம் எடுத்தன. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சு செய்பவருக்கும் அது பெரிய உபகாரம். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் சுவருக்கு? ஓரிடத்தில் அடங்கிய எழுத்து ஈரிடம் கேட்க ஆரம்பித்தது. சிற்றூர் விளம்பரமோ லை இல்லாமல் நகராது. விலை, சேலை, மாலை, ஆலை. 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் கோவில்பட்டிக் கடலை மிட்டாயிலும் நடுவில் உட்கார்ந்திருப்பது அதுதான்.

டீ குடித்துவிட்டு வந்த அண்ணாச்சி குழாயைப் பார்த்தார். திட்டவில்லை. “ஏல, அந்தாளு என்ன ஒத்தச் சேலையா விக்கப்போறாரு? கள் எதுக்குல?” என்று ‘கள்’ளை அழித்தார். இரண்டு இடம் மிச்சம். இரண்டு லையையும் துதிக்கைக்கு மாற்றினார், இன்னும் இரண்டு. பதினேழு. ஓரெழுத்து இடம் சும்மா கிடந்தது.

அந்த ஓரிடத்தை என்ன செய்வதென்று பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டு மொட்டைமாடிக் கொடியில் அரக்குச் சேலை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. காற்றில் அதன் முந்தானை மட்டும் எழும்பி எழும்பி விழுந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தவர், பிரஷ்ஷை எடுத்து ‘சேலை’யின் துதிக்கையை நீட்டினார். மேலே போய், வளைந்து, மடிப்பு மடிப்பாக விரிந்து, நுனியில் மஞ்சளில் ஜரிகைக் கரை, கரைக்குக் கீழே குஞ்சம். மிச்சமிருந்த இடம் முந்தானைக்குப் போனது. மூலையில் வழக்கம்போல ‘ஆர்ட்ஸ்’ சேர்த்துத் தன் பெயர். அந்தத் தீபாவளிக்குக் கடையில் வந்து, ‘சுவத்துல இருக்கே, அந்த அரக்குச் சேலை’ என்று கேட்டவர்கள் உண்டு.

சுவர் 40 அடி இருந்திருந்தால் அந்த முந்தானை பிறந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கற்பனைக்குச் சென்னை வேண்டும் என்கிறீர்களே, இதே கோவில்பட்டியில்தான் ஓவியர் கொண்டையராஜுவும் இருந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர், கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் வரைந்த சாமிகள் சிவகாசியில் காலண்டராக அச்சாகின. காலடியில் பலசரக்குக் கடைப் பெயர். வருஷம் முடிந்ததும் ஜனங்கள் தேதித்தாளைப் பிய்த்துவிட்டு, கடைப்பெயரைக் கத்தரித்து, சாமியைக் கண்ணாடி போட்டுப் பூஜையறையில் மாட்டினார்கள். கத்தரிக்க மறந்த வீடுகளில் கடைக்கும் சேர்த்துச் சூடம் காட்டினார்கள்.

இப்போது எல்லாம் ஃப்ளெக்ஸ். இடம் போதாவிட்டால் யாரும் பீடி பற்றவைத்து யோசிப்பதில்லை. மவுஸால் எழுத்தின் இரண்டு விலாவையும் பிடித்து நசுக்கிவிடுகிறார்கள். மெலிந்து, மூச்சுத் திணறி நிற்கிறது தமிழ். மிச்ச இடமெல்லாம் முதலாளி, முதலாளி மகன், இரண்டு பேர் கையிலும் செல்போன். பதினைந்து நாள் கழித்து அந்த ஃப்ளெக்ஸ் மிளகாய் காயப்போடப் போகிறது, அது நல்ல காரியம். துதிக்கை லையோ என் கம்ப்யூட்டரில் இருக்கும் எந்த எழுத்துருவிலும் இல்லை. இவ்வளவு சொல்லியும் அதை இங்கே அச்சில் காட்ட வழியில்லாமல் திண்டாடுகிறேன். வீட்டில் பழைய பஞ்சாங்கமோ பாட்டியின் பாடப்புத்தகமோ இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

ஆகவே அம்மா, வாசகத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்களுடையது எண்ணெய் ஆலை. துதிக்கை லை ஒன்று கைவசம் இருக்கிறது, எண்ணெய் சொட்ட அதற்கு ஒரு நுனியும் இருக்கிறது. டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரை அளந்து எழுதுங்கள். குழாய் எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம், எதிர்வீட்டு மாடியில் என்ன காய்கிறது என்பதையும் எழுதுங்கள். முன்னால் வேகத்தடை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இருந்தால் இன்னும் ஐந்தாறு எழுத்து சேர்த்துக்கொள்ளலாம்.