உட்காரும் விதத்திலேயே தெரியும் குடும்பம்

மழை விட்ட இரவில் வாசல் விளக்கைச் சுற்றும் அந்துப்பூச்சிகளுக்குக் கணக்கில்லை. உலகில் பெயர் சூட்டப்பட்டவை மட்டுமே சுமார் 1,60,000 இனங்கள். இனத்தின் பெயர் தெரியாவிட்டாலும், எந்தக் குடும்பம் என்று ஓரளவு சொல்லிவிட முடியும். நிறத்தை நம்பினால் ஏமாற நேரிடும். முதலில் பார்க்க வேண்டியது, பூச்சி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான்.

மெலிந்த உடல், சுவரோடு ஒட்டப் பரப்பிய இறகுகள், முன் இறகில் தொடங்கி பின் இறகிலும் தொடரும் கோடு: இவை இருந்தால் பெரும்பாலும் ஜியோமெட்ரிடே. இதன் புழுவுக்கு வயிற்றுப் பகுதியில் பொதுவாக இரண்டு இணைக் கால்கள்தான், அதுவும் கடைசியில். நடுவில் கால் இல்லாததால் உடலை வளைத்து வளைத்து நகரும். ஆமணக்கைத் தின்னும் காவடிப்புழுவும் வளைந்துதான் போகும். ஆனால் அதற்குக் கால்கள் கூடுதல், குடும்பமும் வேறு. அது எரிபிடே.

பருத்துக் கூம்பிய உடலும் பின்னோக்கிச் சாய்ந்த குறுகிய இறகுகளும் ஜெட் விமானத்தை நினைவூட்டினால், அது ஸ்பிங்கிடே. அந்தியில் பப்பாளிப் பூவின் முன் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிப்பவை இவற்றில் உண்டு. எள் செடியில் வால்கொம்போடு மேயும் பருத்த புழுவும் இந்தக் குடும்பம்தான். அது வளர்ந்தால் முதுகில் மண்டையோட்டுக் குறி இருக்கும், தொட்டால் கீச்சிடும், தேன்கூட்டுக்குள் புகுந்து தேனும் திருடும்.

சாட்டர்னிடே குடும்பத்துக்கு நேர்மாறான வாழ்க்கை. அட்லஸ் அந்துப்பூச்சி இறகு விரித்தால் 20 செ.மீ. தாண்டும், ஆனால் உண்ணும் வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில்தான் சில நாள் வாழ்க்கை. ஆணின் உணர்கொம்பு அகன்ற இறகு வடிவில் இருக்கும். தொலைவிலுள்ள பெண்ணின் வாசனையை அறிய அந்தப் பரப்பு தேவை.

நெல் விவசாயிக்குத் தெரிந்த எதிரியிடமும் ஓர் அடையாளம் உண்டு. வெண்கதிருக்குக் காரணமான மஞ்சள் தண்டுத்துளைப்பான் கிராம்பிடே குடும்பம். வாயின் இரு உணர் உறுப்புகள் மூக்குபோல் முன்னே நீண்டிருக்கும். பெண் பூச்சியாக இருந்தால் மஞ்சள் முன் இறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி.

குழப்பம் வருவது நாக்டுயிடேயிலும் எரிபிடேயிலும்தான். ஆரஞ்சுத் தோட்டங்களில் பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியைப் பழைய நூல்கள் நாக்டுயிடேயில் வைத்தன. மரபணு ஆய்வுகளுக்குப் பின் அது எரிபிடேக்குப் போய்விட்டது. அதன் முன் இறகு காய்ந்த இலை நிறம். அடியில் மறைந்திருப்பது பளிச்சென்ற ஆரஞ்சுப் பின் இறகு. ஆகவே படம் எடுப்பவர்கள் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்து, உணர்கொம்பும் பின் இறகும் தெரிய ஒன்று கிடைக்குமா என்று பார்ப்பது நல்லது.