இரத்தினக்கல் குழியும் ஒரு பல்லும்

குரங்கினங்களின் தோற்ற வரலாற்றை எழுதுவதற்குச் சில வேளைகளில் ஒரேயொரு பல்லே ஆதாரமாகிவிடுகிறது. ஜம்மு பிரதேசத்திலுள்ள ராம்நகரில் 2015 ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட ஒரு கடைவாய்ப் பல், 2020 இல் ‘கபி ராம்நகரென்சிஸ்’ என்ற பெயரில் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் ஆண்டுகள் பழைமையான அப்பல், வாலில்லாக் குரங்கான கிப்பனின் மூதாதைக்குரியது என்பது ஆய்வாளர்களின் முடிபாகும். ஆயின் சீனாவின் யுன்னான் மாகாணத்துப் புதைபடிவங்களை ஆராய்ந்தோர் 2022 இல் அதனை மறுத்தனர். இவ்விவாதம் தீர இன்னும் பல பற்கள் கிடைத்தாக வேண்டும்.

இச்செய்திக்கும் சப்ரகமுவ மாகாணத்தில் வாழும் எமக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வினவலாம். தொடர்பு எமது காலடியிலேயே உள்ளது.

இரத்தினக்கல் அகழ்வோர் ‘இல்லம்’ எனக் குறிப்பிடும் சரளைப் படையில் கற்களுடன் தொன்மையான எலும்புகளும் பற்களும் வெளிவருவதுண்டு. கலாநிதி பி. ஈ. பி. தெரணியகல அவற்றைத் திரட்டி, நீர்யானையும் காண்டாமிருகமும் ஒரு காலத்தில் இந்நாட்டில் வாழ்ந்தன என்பதை நிறுவினார். குருவிட்டவில் கிடைத்த பற்களைக் கொண்டே 1939 இல் இலங்கைச் சிங்கத்தையும் அவர் விவரித்தார். எம்பிலிப்பிட்டியப் பகுதியைச் சார்ந்த பெல்லன்பெந்திபெலஸ்ஸவில் 1956 முதல் அவர் நடத்திய அகழ்வில், ‘பலாங்கொடை மனிதன்’ என அழைக்கப்படும் ஆதி மனிதரின் எலும்புக்கூடுகள் பல வெளிப்பட்டன.

அம்மனிதருக்கும் குரங்குகளுக்குமிருந்த உறவைக் களுத்துறை மாவட்டத்தின் பாஹியன்கலைக் குகை தெளிவுறுத்துகிறது. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் ஓஷான் வெதகே உள்ளிட்ட குழுவினர் 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே மழைக்காட்டு மக்கள் குரங்குகளையும் அணில்களையும் திறம்பட வேட்டையாடி உண்டனர். குரங்கின் எலும்பையும் பல்லையும் கருவிகளாகவும் ஆக்கினர். பெரும்பாலும் முதிர்ந்த விலங்குகளே வேட்டையாடப்பட்டமையால், பல்லாயிரம் ஆண்டுகள் வேட்டை தொடர்ந்தும் அவ்வினங்கள் அழியவில்லை என்பது அவர்களது கருத்தாகும். செங்குரங்கும் ஊதாமுக மந்தியும் இன்றும் எமது காடுகளில் வாழ்கின்றன.

வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்ணில் எலும்புகள் விரைவில் உக்கிப்போகின்றன. எஞ்சுபவை மிகச் சில. அச்சிலவும், கல்லைத் தேடும் அவசரத்தில் கழுவி எறியப்பட்டால் மீளக் கிடைக்கமாட்டா. எத்தனை அடி ஆழத்தில், எந்தப் படையில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லையேல், கையிலுள்ள எலும்பின் காலத்தைக் கணிப்பதும் அரிதாகிவிடும்.

எனவே, குழிகளில் உழைப்போரும், இத்தொழிலில் தலைமுறைகளாக ஈடுபட்டுவரும் முஸ்லிம், தமிழ், சிங்கள வர்த்தகர்களும் ஒரு சிறு கடமையை ஏற்க வேண்டும் என நாம் கருதுகிறோம். எலும்போ பல்லோ கிடைத்தால், இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு இரத்தினபுரி தேசிய நூதனசாலைக்கோ தொல்பொருளியல் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். இரத்தினக்கல் ஒரு குடும்பத்தை வாழவைக்கும். அதனருகே கிடந்த பல்லோ இந்நாட்டின் வரலாற்றில் ஒரு பக்கத்தை நிரப்பக்கூடும்.