பாடசாலைக் காணி யாருடையது?

பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றது ஒரே நாளில் நிகழ்ந்ததென்று எம்மவரிற் பலர் எண்ணியிருக்கின்றனர். அஃது இரு படியாய் நிகழ்ந்தது.

1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமையை மட்டுமே கல்விப் பணிப்பாளரிடம் ஒப்புவித்தது. அவ்வாண்டு டிசெம்பர் முதலாந் திகதி முகாமையாளர் மாறினர், காணி மாறவில்லை. 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமே வர்த்தமானிக் கட்டளையொன்றினால் காணியையுங் கட்டடத்தையும் முடிக்குரியனவாக்க அமைச்சருக்கு அதிகாரமளித்தது. இதற்கெனத் தனி வாக்கெடுப்பு எதுவும் நடைபெறவில்லை. 1960 யூலைப் பொதுத்தேர்தலில் 151 ஆசனங்களுள் 75 ஐப் பெற்ற கட்சியின் ஆட்சியிற் பாராளுமன்றமே அதனை முடிவு செய்தது.

முதலாம் இரண்டாந் தரப் பாடசாலைகள் உதவிப்பணமின்றித் தனித்து நிற்கலாமென்று சட்டம் இடமளித்தது. யாழ்ப்பாணக் கல்லூரி, பரியோவான், பத்திரிசியார் அவ்வழி சென்றன. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அரசாங்கத்தைச் சார்ந்தது. 1923 இல் தொடங்கிய சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தின் சிற்றூர்ப் பாடசாலைகளுக்கோ அத்தெரிவே இருக்கவில்லை. ஊரார் தருமசாதனமாக எழுதிக் கொடுத்த நிலமும், பிடியரிசி சேர்த்து எழுப்பிய கொட்டிலும் எவருடையவென்று நன்கொடையாளரின் பேரப்பிள்ளைகள் கேட்டது நியாயமே. ஆசிரியருக்குச் சம்பளம் தவறாது கிடைத்ததையும் நாம் மறுக்கோம்.

மயிலிட்டியில் அவ்வினா வேறுருக் கொண்டது. 1990 யூனில் ஊர் இடம்பெயர்ந்தது. நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. உறுதி எப்பெயரில் இருந்தாலென்ன, படலையைத் திறக்க எவராலும் இயலவில்லை. 2017 யூலை 3 ஆம் திகதி துறைமுகத்தோடு 54 ஏக்கர் விடுவிக்கப்பட்டபோது, முதியோர் பலர் முதலில் தேடியது பழைய எல்லைக் கற்களையே.