கம்ப்யூட்டர் வந்தபோது ஒரு பயம், ஏ.ஐ. வந்தபோது வேறு பயம்!

நான் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தது 1983-ல். அதே ஆண்டில்தான் வங்கிகளில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவது குறித்து நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. "கம்ப்யூட்டர் வந்தால் நம் சீட்டு கிழிந்துவிடும்" என்பதே அன்றைய கேன்டீன் பேச்சு.

ஓய்வு பெற்றபின் பழைய நண்பர்களைச் சந்தித்தால் இப்போது ஏ.ஐ. பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் அவர்களின் கவலை வேறு. அது என்ன என்று பார்ப்போமா?

தேடினால் கிடைத்த தவறு

பேரேட்டில் கையால் எழுதிய நாட்களில், கணக்கு டேலி ஆகாவிட்டால் மூத்தவர்கள் ஒரு வழி சொல்வார்கள். வித்தியாசத்தை 9-ஆல் வகுக்க வேண்டும். மீதமின்றி வகுபட்டால், எங்கோ 54 என்பதை 45 என மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. பின்னர் லெட்ஜர் பதியும் ஏ.எல்.பி.எம். கம்ப்யூட்டர்கள் வந்தன. அப்போதும் தவறு எந்தப் பதிவில் என்று தேடிப் பிடிக்க முடிந்தது.

ஏ.ஐ. எப்படி மாறுபடுகிறது?

சாதாரண சாஃப்ட்வேர், நாம் கொடுத்த விதிப்படி இயங்கும். இருப்பு போதாவிட்டால் செக்கைத் திருப்பு என்பது ஒரு விதி. ஏ.ஐ. சாஃப்ட்வேரோ ஏராளமான பழைய பரிவர்த்தனைகளைப் படித்து, தானே கணிக்கக் கற்றுக்கொள்கிறது. மோசடிப் பணம் கைமாறும் கணக்குகளில், பலரிடமிருந்து பணம் வந்து உடனே வெளியேறுவது வழக்கம். அந்தச் சாயல் தெரிந்தால் எச்சரிக்கை தரும்.

என் நண்பரின் கிளையில் ஓர் அம்மாவின் கணக்கில், ஒரே நாளில் பலரிடமிருந்து 500, 1,000 ரூபாய் என யு.பி.ஐ. மூலம் பணம் சேர்ந்தது. மறுநாள் எடுக்க வந்தபோது கணக்கு முடக்கப்பட்டிருந்தது. விசாரித்தால், மகளின் கல்யாண மொய்! சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் தர வேண்டிய பணம். "ஏன் நிறுத்தினீங்க?" என்று அவர் கேட்டபோது நண்பருக்குப் பதில் தெரியவில்லை. திரையில் ஒரு ரிஸ்க் மதிப்பெண் மட்டுமே இருந்தது. பத்திரிகையைப் பார்த்து, மேலிடத்துக்கு எழுதி, விடுவிக்க 3 நாட்கள் ஆயின.

"வேலை போகுமேன்னு பயம் இல்ல சார். நான் எடுக்காத முடிவுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கே" என்றார் அவர்.

ரிசர்வ் வங்கி அமைத்த குழு, 2025 ஆகஸ்டில் வெளியான அறிக்கையில் 7 கோட்பாடுகளை முன்வைத்தது. ஏ.ஐ. செயல்படும் விதம் புரியும்படி இருக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. ஊழியர்கள் கேட்பதும் இதைத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

விசேஷப் பணம் கணக்கில் வருமானால், கிளையில் முன்கூட்டியே தெரிவியுங்கள். பத்திரிகை, பில்களைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் கணக்கை யாருக்கும் இரவல் தராதீர்கள். கணக்கு முடங்கினால், காரணத்தை எழுத்து மூலம் கேளுங்கள். கவுண்டரில் இருப்பவர் மீது மட்டும் கோபப்படாதீர்கள். அந்தக் காரணத்தை அவரும் தேடிக்கொண்டிருக்கலாம்.